நெடுந்தூர ஓட்டத்தில் இன்சுலின் பம்ப்: அளவை எப்போது குறைப்பது?

இன்சுலின் பம்ப் (நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோலுக்கடியில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் சிறு கருவி) அணிந்து மாரத்தான் ஓடுபவர்கள், ஓட்டம் தொடங்கும் நேரத்தில் அடிப்படை இன்சுலின் (பம்ப் நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் செலுத்துவது) அளவைக் குறைப்பதால் பெரும் பயன் இல்லை. ஏனெனில் தோலுக்கடியில் ஏற்கெனவே சென்ற மருந்து, அதற்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேலாக இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கும். ஆகவே 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்பே, வழக்கமான அளவிலிருந்து 50 முதல் 80 சதவீதம் வரை தற்காலிகமாகக் குறைத்துவிட வேண்டும். உங்களுக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கலந்துபேசி, பயிற்சி ஓட்டங்களிலேயே சோதித்து முடிவு செய்யுங்கள். போட்டி நாளில் அதைச் சோதிக்க வேண்டாம்.

ஓடும்போது பெரும்பாலானோருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க உடலில் அணியும் சென்சார் காட்டும் எண் உண்மையான இரத்தச் சர்க்கரைக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே வருவதால், எண் நன்றாகத் தெரிந்தாலும் அம்புக்குறி கீழ்நோக்கித் திரும்பியதும் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

பம்பை முழுவதுமாகக் கழற்றிவிட்டுப் பல மணி நேரம் ஓடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் உருவாகும் அமிலப் பொருளான கீட்டோன் உயரும் ஆபத்து அதில் உண்டு. அன்றிரவு தசைகள் இழந்த கிளைகோஜனை (தசையில் சேமிக்கப்படும் சர்க்கரை) மீண்டும் சேமிப்பதால் உறக்கத்தில் சர்க்கரை தாழக்கூடும் என்பதையும் மறவாமல், படுக்கும்போது அடிப்படை அளவை 6 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்து, தாழ்சர்க்கரை எச்சரிக்கை ஒலியை இயக்கி வையுங்கள்.