சிறிய மின்சாரக் கார்: செலவுக் கணக்கு பிசகும் இடங்கள்

ஷோரூமுக்கு மின்சாரக் கார் பார்க்கப் போகிற எவரும் ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது’ என்ற பேச்சைக் கேட்காமல் திரும்புவதில்லை. அது பொய்யல்ல. ஆனால் எந்த வீட்டின் மின் கட்டணத்தை வைத்துப் போட்ட கணக்கு அது என்று கேட்டால் பதில் வராது. தக்கலைக்கு அருகில் குடியிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருகிற நான், கார் வாங்கிய புதிதில் அந்த ஒரு ரூபாயை நம்பியே கணக்கு வைத்தேன். இரண்டாவது மின் கட்டணச் சீட்டு வந்த பிறகுதான் கணக்கு எங்கே பிசகியது என்று புரிந்தது.

முதலாவதும் பெரியதுமான தவறு, மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, கிடைக்கும் சராசரியைக் காருக்கான விலையாக எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக விலை ஏறும். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார் ஆகியவை கார் வருவதற்கு முன்பே மலிவான படிகளைப் பிடித்துவிடுகின்றன. காருக்கு மிஞ்சுவது மேல்படிகள்தான்.

எடுத்துக்காட்டாக, இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் செலவாகும் ஒரு வீட்டைக் கொள்வோம். கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 320 யூனிட் கூடும். மீட்டர் 700-இல் நிற்கும். அந்த 320 யூனிட்டில் முதல் இருபது மட்டுமே யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள் அடங்கும். அடுத்த நூறு ஆறு ரூபாய்க்கு மேல், அதற்கடுத்த நூறு எட்டு ரூபாய்க்கு மேல், கடைசி நூறு ஒன்பது ரூபாய்க்கு மேல். இதோடு, 500 யூனிட்டைத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். அதில் மட்டும் இருநூற்றுச் சொச்சம் ரூபாய் கூடும். ஆகக் காரால் கூடுகிற தொகை 2,700 முதல் 2,800 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் நாற்பது காசை ஒட்டி. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 11,000 ரூபாய் விழுங்கும் என்பதால் லாபம் லாபம்தான். ஆனாலும் ஏ.சி. ஓடும் சித்திரை, வைகாசியில் மீட்டர் 1,000-ஐத் தாண்டினால் ஒரு யூனிட் 11 ரூபாய்க்கு மேல் போகும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மேலே சொன்ன 320 யூனிட்டில் இன்னொரு தவறுக்கான விடையும் இருக்கிறது. காரின் திரையில் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று தெரிந்தால், 2,000 கிலோமீட்டருக்கு 286 யூனிட் போதும் என்றே தோன்றும். திரை காட்டுவது பேட்டரியிலிருந்து வெளியேறிய மின்சாரத்தை. மின்வாரியத்தின் மீட்டர் காட்டுவதோ சுவரிலிருந்து போனதை. சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகக் கரையும் பத்து, பதினைந்து சதவீதத்துக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். 24 கிலோவாட் மணி, அதாவது 24 யூனிட் பிடிக்கும் பேட்டரியுள்ள டாடாவின் சிறிய மின்சாரக் காரான டியாகோ ஈ.வி.யை முழுதாக நிரப்பச் சுவரிலிருந்து 27 யூனிட்டை ஒட்டி எடுக்கும்.

வயரிங்கில் மிச்சம் பிடிப்பது மூன்றாவது தவறு. இதை நானே செய்தேன். காரோடு வந்த சார்ஜரை, வாஷிங் மெஷினுக்காகப் போட்டிருந்த பழைய 15 ஆம்ப் பிளக்கில் செருகி இரவெல்லாம் விட்டேன். பத்தாம் நாள் காலையில் பிளக்கின் இடது துளை பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகிக் கருகல் நாற்றம் அடித்தது. வாஷிங் மெஷின் அவ்வப்போதுதான் இழுக்கும். கார் ஏழெட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், மின்சுமை மிஞ்சினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., முறையான எர்த் ஆகியவற்றுக்கான செலவைக் காரின் விலையோடே சேர்த்து எழுதிவிட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வெளியூர்ப் பயணத்துக்கு வீட்டு விலையையே போடுவதும் தவறு. பொது விரைவு சார்ஜரில் ஒரு யூனிட் பெரும்பாலும் 20 ரூபாயை ஒட்டியே இருக்கும். 18 சதவீத ஜி.எஸ்.டி. அதில் அடக்கமா, தனியா என்பதைச் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று காற்றின் கணக்கு ஒன்றும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும். திருநெல்வேலிக்குப் போகும்போது அது முதுகைத் தள்ளிவிடும். திரும்பும்போது காவல்கிணறு தாண்டியதும் முகத்தில் அறையும். போகும்போது செலவான சதவீதத்தை வைத்துத் திரும்புவதற்குக் கணக்குப் போட்டால் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே மனம் பதைக்க நேரிடும்.

‘எஞ்சின் ஆயில் இல்லை, ஆகவே பராமரிப்பே இல்லை’ என்ற எண்ணம் கடலோரத்தில் விலை வைக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் மின்சாரக் காரில் பிரேக் அதிகம் தேய்வதில்லை. அதுவே குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றில் கேடாகிறது; உரசிச் சுத்தமாகாத டிஸ்க்கில் துரு ஏறி, பிரேக் கட்டையை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் இறுகிவிடும். வாரத்துக்கு இரண்டொரு தடவை காலியான சாலையில் பிரேக்கைச் சற்று அழுத்தியே மிதிப்பதும், சர்வீஸில் காலிபரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்வதும் போதும். டயர், கூலன்ட், பிரேக் ஆயில், ஏ.சி. ஃபில்டர் எல்லாம் இதிலும் உண்டு. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்தால் கார் கண்விழிக்காது என்பதைப் பலரும் அறிவதில்லை.

காப்பீட்டில், மின்சாரக் காருக்குத் தள்ளுபடி உண்டு என்பதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் தரப்பு ஆண்டுக் கட்டணம், மோட்டார் திறன் 30 முதல் 65 கிலோவாட் வரையான மின்சாரக் காருக்கு 2,904 ரூபாய், டியாகோ ஈ.வி. இந்த வகையில்தான் வரும். 1,000 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் காருக்கோ 2,094 ரூபாய்தான். சொந்தச் சேதத்துக்கான கட்டணமும் காரின் விலையை ஒட்டிக் கூடுதலாகவே இருக்கும். 2021 நவம்பரில் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்ததைப் பார்த்தவர்கள், பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் பாலிசி ஏற்குமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை தந்த 80இ.இ.பி. பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடனுக்கு மட்டுமே பொருந்தும். இன்று வாங்குபவர் அதைக் கணக்கில் சேர்க்க வழியில்லை.

கடைசியாக, பேட்டரி மாற்றும் செலவுக்கென்று மாதந்தோறும் பணம் ஒதுக்கிக் கணக்கை ஊதிவிடுவோரும் இருக்கிறார்கள். டியாகோ ஈ.வி. வெளிவந்தபோது பேட்டரிக்குத் தந்த உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னதோ அது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் நமக்கு எட்டாம் ஆண்டு முடிவில் ஓடியிருப்பது 96,000-தான். கிலோமீட்டர் மிச்சமிருக்க ஆண்டு முடிந்துபோகும். அப்போது விற்கப் போனால், உத்தரவாதம் தீர்ந்த காரென்று வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். கணக்கில் எழுத வேண்டியது அந்தக் குறைவைத்தான்.