நீர்வண்ணத்தில் வெந்தய வரியன்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

வண்ணத்துப்பூச்சியை உள்ளது உள்ளபடி வரைய விரும்புபவர் முதலில் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எந்த இனத்தையும் சேராத வண்ணத்துப்பூச்சி இயற்கையில் இல்லை. மனத்தில் பதிந்திருக்கும் பொதுவான உருவத்தை வைத்து வரைந்தால், எவ்வளவு உழைத்தாலும் அது அலங்காரப் படமாகவே நின்றுவிடும். இந்தச் செய்முறைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது வெந்தய வரியன். எருக்கஞ்செடி இருக்கும் வெட்டவெளிகளில் தாழ்வாகவும் நிதானமாகவும் பறக்கும் இந்தப் பூச்சியைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. இதன் இறக்கையில் ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை ஆகிய மூன்று நிறங்களே முதன்மையானவை என்பதாலும், கோலங்கள் எளிமையானவை என்பதாலும் புதிதாகத் தூரிகை பிடிப்பவர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

தொடங்குபவர்களில் பலர் தங்கள் முழுக் கவனத்தையும் புள்ளிகளிலும் கோடுகளிலும் செலுத்துகிறார்கள். படத்துக்கு உயிர் தருபவை வேறு மூன்று: இறக்கைகள் உடலில் சரியான இடத்தில் பொருந்தியிருப்பது, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறம் வரை வண்ணம் அடுக்கடுக்காக ஏறியிருப்பது, முன்னிறக்கையின் நிழல் பின்னிறக்கையின்மீது விழுந்திருப்பது. இவை அமைந்துவிட்டால் ஒரு புள்ளி சற்று இடம் மாறியிருந்தாலும் கண் அதைப் பொருட்படுத்தாது. இவை அமையாத படத்தில் எத்தனை நுணுக்கம் சேர்த்தாலும் பூச்சி தாளில் ஒட்டிவைத்ததுபோலவே தெரியும்.

வரைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நான்கு இறக்கைகளும் மார்புப் பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. வயிற்றுப் பகுதியில் இறக்கை எதுவும் இல்லை. பின்னிறக்கையை வயிற்றின் நடுவிலிருந்து வரைவதுதான் தொடக்கநிலைப் படங்களில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை. இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே படத்தின் தோற்றம் பெரிதும் மாறிவிடும்.

அடுத்தது இறக்கைகளின் நிலை. அருங்காட்சியகங்களில் ஊசி குத்திப் பாதுகாக்கப்படும் பூச்சிகளில், கோலம் முழுவதும் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னிறக்கைகளை மேல்நோக்கி இழுத்து, அவற்றின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக அமையும்படி விரித்துவைப்பார்கள். இலைமீது அமர்ந்து வெயில் காயும் உயிருள்ள பூச்சி தன் இறக்கைகளை அப்படி வைத்துக்கொள்வதில்லை. அதன் முன்னிறக்கைகள் பின்னோக்கித் தாழ்ந்து, பின்னிறக்கைகளின் மேற்பகுதியை ஓரளவு மறைத்திருக்கும். ஆகவே மாதிரிக்கு ஒளிப்படம் தேடும்போது, வெளியில் இயல்பாக அமர்ந்திருக்கும் பூச்சியின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

இனி கோலத்தைப் பார்ப்போம். முன்னிறக்கையின் முனை கறுப்பு. அதற்குள் வெள்ளைத் திட்டுகள் வரிசையாகச் சேர்ந்து சாய்வான ஒரு பட்டையாகத் தெரியும். இறக்கைகளின் வெளிவிளிம்பில் கறுப்புக் கரையும், அந்தக் கரைக்குள் சிறு வெள்ளைப் புள்ளிகளும் உண்டு. பின்னிறக்கையின் நடுப்பகுதியில், நரம்புகள் கிளை பிரியும் இடங்களை ஒட்டி மூன்று கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஆண் பூச்சியில் இவற்றோடு மணச் செதில்கள் கொண்ட சிறு பை ஒன்று நான்காவது புள்ளியாகத் தெரியும். நாம் வரையப்போவது எருக்கிலைமீது அமர்ந்த பூச்சி; முட்டையிடுவதற்காக அந்த இலையை நாடி வருவது பெண் என்பதால் மூன்று புள்ளிகளே போதும்.

இந்த மூன்று புள்ளிகளைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. புழுப் பருவத்தில் நச்சுப் பால் கொண்ட எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியனைப் பறவைகள் விரும்பி உண்பதில்லை. அந்தப் பாதுகாப்பைப் பெறும் பொருட்டு, வேறோர் இனத்தின் பெண் பூச்சி ஏறத்தாழ இதே தோற்றத்தைக் கொண்டிருக்கிறது. அதன் பின்னிறக்கையின் நடுவில் இந்த மூன்று புள்ளிகள் இல்லை. அவற்றை வரைய மறந்தால், பூச்சிகளை அறிந்தவர் கண்ணுக்கு நீங்கள் வரைந்திருப்பது அந்த வேறு பூச்சியாகவே படும்.

தேவையான பொருள்கள்

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, சற்றே சொரசொரப்பான நீர்வண்ணத் தாள் வேண்டும். பருத்தித் தாளாக இருந்தால் பல அடுக்குகளைத் தாங்கும். சாதாரண ஓவியத் தாள் இரண்டாவது அடுக்கிலேயே நெளிந்து, மேற்பரப்பு நைந்து திரிதிரியாக உரிந்துவிடும். ஏ5 அளவு போதுமானது. தாளின் நான்கு ஓரங்களையும் பலகைமீது மாஸ்கிங் டேப் கொண்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

வட்டத் தூரிகைகளில் 6, 2, 0 ஆகிய மூன்று எண்கள் வேண்டும். வண்ணங்களில் கேம்போஜ் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, அல்ட்ராமரின் நீலம், சாப் கிரீன் ஆகிய ஐந்து டியூப்களும், இறுதிப் புள்ளிகளுக்கு வெள்ளை குவாஷும் (அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) போதும். கறுப்பு டியூப் தேவையில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். இவற்றோடு எச்.பி. பென்சில், மென்மையான அழிப்பான், இரண்டு குவளைத் தண்ணீர், பழைய பருத்தித் துணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குவளை தூரிகை கழுவுவதற்கு. மற்றது வண்ணம் கலப்பதற்கு மட்டும்.

பென்சில் கோடு

வெந்தய வரியனின் இறக்கை விரிவு 7 முதல் 8 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதை ஏறத்தாழ இருமடங்காக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 14 சென்டிமீட்டர் வருமாறு வரையலாம். உண்மை அளவிலேயே வரைய முயன்றால் விளிம்புப் புள்ளிகள் தூரிகைக்கு அடங்காது.

முதலில் உடலின் அச்சைச் சற்றுச் சாய்வான கோடாக இடுங்கள். அதன்மீது தலை, மார்பு, வயிறு ஆகிய மூன்றையும் நீள்வட்டங்களாகக் குறியுங்கள். முன்னிறக்கையை நீண்ட முக்கோணமாகவும் பின்னிறக்கையை விரித்த விசிறியாகவும் முதலில் அமைத்து, பிறகு விளிம்புகளை மாதிரியைப் பார்த்துத் திருத்துங்கள். ஒரு பக்கத்து இறக்கைகளை டிரேசிங் தாளில் படியெடுத்து, அதைத் திருப்பிவைத்து மறுபக்கத்துக்கு மாற்றினால் இரு பக்கமும் ஒத்துவரும்.

கோலத்தை வரைவதற்கு முன் நரம்புகளை மெல்லியதாக இட வேண்டும். இறக்கையின் அடியிலிருந்து நடுப்பகுதி வரை நீண்ட அறை ஒன்று இருக்கும். அதன் விளிம்பிலிருந்து நரம்புகள் பிரிந்து வெளிவிளிம்பை நோக்கிச் செல்லும். வெள்ளைத் திட்டுகளும் விளிம்புப் புள்ளிகளும் இந்த நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில்தான் அமைந்திருக்கின்றன. நரம்பு சரியாக விழுந்தால் புள்ளிகளுக்கு உரிய இடம் தானாகவே கிடைத்துவிடும். எல்லாம் முடிந்தபின் அழிப்பானைத் தாள்மீது ஒற்றி எடுத்துக் கோடுகளை மங்கலாக்கிவிடுங்கள். மஞ்சளுக்கு அடியில் அகப்பட்ட அழுத்தமான பென்சில் கோட்டைப் பிறகு நீக்குவது கடினம்.

முதல் அடுக்கு: மஞ்சள்

கேம்போஜ் மஞ்சளை நிறையத் தண்ணீரில் நீர்த்துக்கொள்ளுங்கள். ஓர் இறக்கையை மட்டும் சுத்தமான தண்ணீரால் நனைத்து, ஈரம் மினுங்கும் நிலையில் அந்த மஞ்சளை விடுங்கள். முன்னிறக்கையின் வெள்ளைப் பட்டையில் தண்ணீரும் படக் கூடாது, வண்ணமும் படக் கூடாது. நீர்வண்ணத்தில் மிகத் தூய வெள்ளை தாளின் வெள்ளைதான். அதற்கு ஈடாகப் பின்னர் பூசக்கூடியது எதுவுமில்லை.

இடது முன்னிறக்கை முடிந்ததும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இறக்கைக்குப் போகாமல் வலது பின்னிறக்கைக்குச் செல்லுங்கள். ஈரமான இரண்டு பகுதிகள் அருகருகே இருந்தால் வண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்துவிடும். இறக்கைகள் காயும் நேரத்தில் பின்னணி இலையை முடித்துக்கொள்ளலாம். எருக்கிலை பளிச்சென்ற பச்சை அல்ல. மேலே மாவு படிந்த, சாம்பல் கலந்த பச்சை. சாப் கிரீனில் சிறிது அல்ட்ராமரினும் மிகச் சிறிது பர்ன்ட் சியன்னாவும் சேர்த்து, வெளிறிய நிலையில், விளிம்புகள் மென்மையாகக் கரையும்படி பூசுங்கள். பூச்சியை அதன் செடியோடு சேர்த்து வரைவதைச் சிறப்பாகச் செய்தவர், பூச்சிகளை ஆராய்ந்த ஓவியரான மரியா சிபில்லா மெரியன். 1699-இல் தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமுக்குப் பயணம் செய்த அவர், புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி ஆகிய மூன்று நிலைகளையும் அவை வாழும் தாவரத்தின்மீதே தீட்டினார். அந்தப் படங்களில் செடிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவும் தெரிகிறது என்பதால், வெற்றுப் பின்னணியைவிட இலைப் பின்னணியையே நான் விரும்புகிறேன்.

தாள் காய்ந்துவிட்டதா என்று அறியப் புறங்கையை மெதுவாக அதன்மீது வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அரைகுறையாகக் காய்ந்த பரப்பில் மறுபடி தண்ணீர் பட்டால், அது வண்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சிதறிய விளிம்புடன் கறையாக நிற்கும்.

இரண்டாம் அடுக்கும் நிழலும்

கேம்போஜும் வெர்மிலியனும் கலந்த ஆரஞ்சில் சிறிது பர்ன்ட் சியன்னாவைச் சேருங்கள். இந்தக் கலவையைக் காய்ந்த மஞ்சள்மீது, இறக்கையின் அடியிலிருந்து விளிம்பை நோக்கி நரம்புகளின் போக்கிலேயே இழுக்க வேண்டும். பின்னிறக்கைக்கு மஞ்சள் கூடுதலாக இருக்கட்டும். முன்னிறக்கையின் முன்விளிம்பை ஒட்டிய பகுதி மற்ற இடங்களைவிடக் கருமையான பழுப்பாக இருக்கும் என்பதால் அங்கே பர்ன்ட் சியன்னாவை அதிகமாக்குங்கள். நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறும். எனவே ஈரத்தில் சற்று அழுத்தமாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம்.

இது நன்றாகக் காய்ந்தபின் நிழலுக்கு வருவோம். ஒளி இடது மேற்புறத்திலிருந்து வருவதாகக் கொள்வோம். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து, தேநீரைப்போல் நீர்த்துக்கொண்டு, முன்னிறக்கையின் பின்விளிம்புக்குச் சற்றுக் கீழே, பின்னிறக்கையின்மீது ஒரு மெல்லிய பட்டையாக இடுங்கள். விளிம்பை ஒட்டிய பக்கம் கூர்மையாகவும், விலகிச்செல்லும் பக்கம் ஈரத் தூரிகையால் கரைக்கப்பட்டும் இருக்க வேண்டும். உடலை ஒட்டி இறக்கை பள்ளமாகும் இடத்திலும் இதே கலவையைத் தொட்டுவிடுங்கள். ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம் என்பதால் இந்த நிழல் அழுக்காகத் தெரியாமல் ஆழமாகத் தெரியும். இதுவரை தட்டையாக இருந்த படத்தில் ஓர் இறக்கை மேலேயும் மற்றொன்று கீழேயும் பிரிந்து நிற்பதை இந்த இடத்தில்தான் முதன்முதலாகக் காண்பீர்கள்.

கறுப்பு

டியூபிலிருந்து வரும் கறுப்பு, இறக்கையில் ஓட்டை விழுந்ததுபோன்ற உயிரற்ற பரப்பைத் தருகிறது. பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரினையும் குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கலந்தால் ஆழ்ந்த கருமை கிடைக்கும்; அதில் எந்த வண்ணத்தைக் கூட்டுகிறோமோ அதற்கேற்ப வெம்மையோ குளிர்ச்சியோ வரும். ஆரஞ்சைத் தொடும் இடங்களில் பழுப்பு மேலோங்கவும், இறக்கை முனையில் நீலம் மேலோங்கவும் விடுங்கள். வெள்ளைப் பட்டையைச் சுற்றி 2 எண் தூரிகையால் நிதானமாக வெட்டிச்செல்லுங்கள். பட்டையை ஊடறுக்கும் நரம்புகளையும் இப்போதே மெல்லிய கருங்கோடுகளாக இட்டுவிடலாம்.

ஆரஞ்சுப் பரப்பிலுள்ள நரம்புகளுக்குக் கறுப்பு வேண்டாம். நீர்த்த பர்ன்ட் சியன்னா போதும். 0 எண் தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, அடியிலிருந்து வெளியே இழுத்து, நடுநடுவே கோடு மறையும்படி விடுங்கள். எல்லா நரம்பும் ஒரே தடிமனில் விழுந்தால் கம்பி வலை தெரியுமே தவிர மெல்லிய இறக்கை தெரியாது.

உடலும் இறுதித் தொடுதல்களும்

தலையும் மார்பும் கறுப்பு. வயிறு இறக்கையைப்போலவே ஆரஞ்சு கலந்த பழுப்பு. அதன் வளையம் வளையமான பிரிவுகள் தெரியும்படி குறுக்கே மெல்லிய நிழல்களை இட்டு, ஒளிபடும் பக்கத்தை வெளிறவிடுங்கள். மார்பின் நுண்மயிருக்கு, துணியில் ஒற்றி ஈரம் குறைத்த தூரிகையால் சிறு சிறு கீற்றுகள் போடலாம். உணர்கொம்புகளைத் தலையிலிருந்து ஒரே இழுப்பில் இழுத்து, முனையில் சற்றே தடிப்பாக்குங்கள்.

தலையிலும் மார்பிலும் விளிம்புக் கரையிலும் உள்ள வெள்ளைப் புள்ளிகளுக்கு மட்டுமே குவாஷைப் பயன்படுத்துங்கள். கறுப்பு முழுவதும் காய்ந்தபின் தயிர்ப் பதத்தில் எடுத்து வைக்க வேண்டும். முதல் பூச்சு மங்கினால் மறுபடி ஒருமுறை வைக்கலாம். புள்ளிகளின் அளவைச் சிறிது மாற்றி மாற்றி வையுங்கள். நிழல் விழும் பகுதியிலுள்ள புள்ளிகளில் துளி நீலம் கலந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, இலைமீது பூச்சியின் நிழலை இடுங்கள். இறக்கை இலையைத் தொடும் இடத்தில் அழுத்தமாகவும், உயர்ந்திருக்கும் இடத்தில் விலகி மங்கலாகவும் அது விழட்டும். எங்காவது வண்ணம் மிஞ்சிவிட்டால், சுத்தமான ஈரத் தூரிகையால் அந்த இடத்தை மெல்ல நனைத்துத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்; தேய்க்கக் கூடாது.

இந்தப் படம் கைவந்ததும் அதே பூச்சியை இறக்கை மூடிய நிலையில், பக்கவாட்டில் வரைந்து பாருங்கள். அடிப்புறம் மேற்புறத்தைவிட வெளிறியது. முன்னிறக்கையின் முனையும் அங்கே கறுப்பாக இராமல் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். பக்கவாட்டில் கால்களும் தெரியும் என்பதால் அவற்றை நான்காகவே வரையுங்கள்; இந்தக் குடும்பத்துப் பூச்சிகளில் முன்னங்கால் இணை சுருங்கி மார்போடு ஒட்டியிருப்பதால், ஆறு கால்களில் நான்குதான் கண்ணில் படும்.