ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு: முதல் எட்டு வாரங்களில் என்ன, எவ்வளவு, எப்படி

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். அதில் 100 முதல் 150 மி.லி.தான் கொள்ளும். தையல் வீக்கம் வடியும்வரை அதுவும் கொள்ளாது. இந்தச் சின்ன இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உடம்புக்கு முடியாதவருக்கு நம் வீடுகளில் கொடுக்கும் கஞ்சி, ரசம் சாதம், ஜூஸ் எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்ளும். காயம் ஆறத் தேவையான புரதத்தைத் தராது.

கீழே உள்ள கால அளவு பொதுவானது. உங்கள் சர்ஜனோ டயட்டீஷியனோ வேறு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 1: குடிக்கப் பழகுங்கள்

அண்ணாந்து குடிப்பதை விட்டுவிடுங்கள். அப்படிக் குடித்தால் மொத்தமாக இறங்கும், கூடவே காற்றும் போகும். இரண்டும் நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். ஸ்ட்ராவும் வேண்டாம். இருமல் சிரப்புடன் வரும் அளவு மூடியை எடுத்துக்கொண்டு, 15 நிமிடத்துக்கு 30 மி.லி. வீதம் வாய் வைத்து உறிஞ்சுங்கள். காலை 6 மணி முதல் இரவு 9 வரை இப்படிக் குடித்தால் 1.8 லிட்டர் ஆகிவிடும். முதல் சில நாள் இவ்வளவு முடியாமல் போகலாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ எழுந்து நின்றதும் தலை சுற்றினாலோ நீர் போதவில்லை என்று பொருள். சோடா, கோலா கூடாது.

படி 2: கட்டம் கட்டமாக உணவு

முதல் 2 வாரம் திரவம் மட்டும்: வடிகட்டிய மோர், ஆடை நீக்கிய பால், வடிகட்டிய சூப், பாலில் கலந்த புரதப் பவுடர். பருப்புத் தண்ணீரை நம்பாதீர்கள். புரதம் அடியில் தங்கும் பருப்பில்தான் இருக்கிறது, மேலே தெளிந்த நீரில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

3, 4ஆம் வாரம் மசித்தது: நன்றாகக் கடைந்த பாசிப்பருப்பு, துணியில் கட்டி நீர் வடித்த தயிர், மசித்த முட்டை. 5, 6இல் மென்மையானது: ஆவியில் வெந்த மீன், பன்னீர், குழைய வெந்த சுரைக்காய், பூசணி. அதன்பிறகு வழக்கமான சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நாளில் இரண்டு புதுப் பொருள் வேண்டாம்; எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும்.

நாள் இலக்கு குறைந்தது 60 கிராம் புரதம். இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, 75 கிராம் மீனில் 15, 50 கிராம் பன்னீரில் 9. கூட்டினால் 52தான் வருகிறது. முதல் மாதம் இதில் பாதிகூடச் சாப்பிட முடியாது. பவுடர் எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

படி 3: சாப்பிடும் முறை

சின்னக் கிண்ணம், டீஸ்பூன். மசித்த கட்டத்தில் ஒரு வேளைக்கு நாலைந்து ஸ்பூன் போதும், அதை 20 நிமிடம் சாப்பிடுங்கள். புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில். நெஞ்சுக்குக் கீழே அழுத்தம், விக்கல், திடீரென மூக்கில் நீர் வடிதல், இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அன்பாக ஊட்டும் "இன்னும் ஒரு வாய்"தான் பெரும்பாலும் வாந்தியில் முடிகிறது.

சாப்பிடும்போதும், சாப்பிட்ட பின் அரை மணி நேரமும் தண்ணீர் கூடாது. சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்துச் சாப்பிடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும். எடைக்குறைப்புக்காக ஸ்லீவுக்குப் பதில் இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் இனிப்பில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு டம்ளர் ஜூஸ் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று கொண்டுபோய் விடலாம்.

குழைந்த சாதம், பிரெட், காய்ந்த கோழித்துண்டு ஆகியவை அடைத்துக்கொள்ளும். அப்போது வாயில் எச்சில் நுரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். மேலே தேங்கி வாந்திதான் வரும். எழுந்து மெதுவாக நடங்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை நீடித்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 4: மாத்திரைகள்

மல்ட்டிவைட்டமின், பி12, டி3 வாழ்நாள் முழுவதும் தொடரும். கால்சியம் சிட்ரேட்டை ஒரே நேரத்தில் 500-600 மி.கி.க்கு மேல் உடல் ஏற்காது, அதனால் பிரித்துப் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேரம் இடைவெளி வேண்டும்; காபி, டீயோடும் இரும்பு சேராது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை பழைய அளவிலேயே தொடர்வது ஆபத்து. அறுவைக்குப் பிறகு சில நாட்களிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். பழைய அளவு இன்சுலின் மயக்கத்தில் தள்ளும். வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து, டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், இரைப்பையில் புண் வரும். வலிக்கு பாரசிட்டமால் போதும்.

படி 5: நடமாட்டம்

முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஆனால் 4 முதல் 6 வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் குழந்தை எதுவும் வேண்டாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றாதீர்கள், சைடு ஸ்டாண்ட் போடுங்கள்.

மூன்றாம் மாதவாக்கில் முடி கொட்டும். எடை வேகமாக இறங்குவதால் வருவது இது; புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும். பெண்கள் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை

101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஓய்விலும் நாடித்துடிப்பு 120, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள் வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம். தையல் கசிவுக்குப் படபடப்பு மட்டுமே முதல் அறிகுறியாக வருவதுண்டு, அதனால் காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். இத்தகைய வாந்தியில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வார்த்தையாக எடைக்குறைப்பு அறுவை நடந்ததைச் சொல்லுங்கள், குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள்.