புறநானூற்றுப் போர்ப்பாட்டை அடியிலிருந்து படியுங்கள்

பிளஸ் டூ பிள்ளைகளே, புறநானூற்றுப் போர்ப்பாட்டு என்றால் முதலில் அடியில் இருக்கும் திணை (பாட்டின் பொருளைச் சொல்லும் பெரும்பிரிவு), துறை (அதற்குள் வரும் குறிப்பிட்ட சூழல்) பற்றிய குறிப்பைப் படித்துவிட்டு அப்புறம் பாட்டுக்குப் போங்கள். என்ன சூழல், என்ன மனநிலை என்பது அங்கேயே இருப்பதால் பழஞ்சொற்கள் பாதி தானாகப் பிடிபடும். 278-ஆம் பாட்டின் துறை உவகைக் கலுழ்ச்சி, ஆனந்தக் கண்ணீர். அது தெரிந்தால், களத்தில் மகன் உடல் சிதைந்து கிடப்பதைக் கண்ட தாய் ஏன் அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்பது கைடு வாங்காமலே புரியும், எனக்கு அந்த இடத்தில் இப்போதும் தொண்டை அடைக்கும். பாடநூலில் குறிப்பு போதாதென்றால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உரையோடு உள்ள பதிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

குறிப்பு சிதைந்துபோன பாட்டுகளுக்கு இது உதவாது. போர் நாவலுக்கும் வேண்டாம், முடிவு முன்பே தெரிந்தால் படிக்கிற வேகமே போய்விடும்.