ஓனீசாமா எ: சிரிக்காமல், ஓட்டிவிடாமல் பார்ப்பது எப்படி

பழைய ஷோஜோ, அதாவது பெண் பிள்ளைகளுக்கான ஜப்பானிய அனிமேஷன் தொடர் எதையாவது முழுசாகப் பார்க்கலாம் என்று கிளம்பும் யாருக்கும் முதலில் சிபாரிசாக வருவது ஓனீசாமா எ. ஆங்கிலத்தில் டியர் பிரதர் என்று தேடினால் கிடைக்கும். ஆசையாக ஆரம்பித்தவர்களில் பலர் மூன்றாவது எபிசோடிலேயே நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கத்தில் சேர்வதற்கு இவ்வளவு அழுகையா, இவ்வளவு மயக்கமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதைச் சாதாரண பள்ளிக் கதை மாதிரிப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கொஞ்சம் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தால், தொண்ணூறுகளின் தொலைக்காட்சி அனிமேவில் இதற்குப் பக்கத்தில் வைக்க அதிகம் கிடையாது என்பது என் கட்சி.

முதலில் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரியோகோ இகேதா 1974-இல் மார்கரெட் வார இதழில் வரைந்த குட்டி மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) இது. தன்னுடைய புகழ்பெற்ற மங்காவான வெர்சாய்ஸின் ரோஜாவை முடித்த சூட்டோடு எழுதியது. பதினேழு வருடம் கழித்துத் தெசுகா புரொடக்ஷன்ஸ் அதை 39 எபிசோடு அனிமேவாக்கியது. 1991 ஜூலை தொடங்கி 1992 மே வரை ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே-வின் செயற்கைக்கோள் சேனலில் ஓடியது. இயக்கம் ஒசாமு தெசாகி, கதாபாத்திர வடிவமைப்பு அவருடைய நெடுநாள் கூட்டாளி அகியோ சுகினோ, இசை கென்டாரோ ஹனேதா. வெர்சாய்ஸின் ரோஜா அனிமேவின் பின்பாதியை, அதாவது 19-ஆவது எபிசோடிலிருந்து, எடுத்ததும் இதே தெசாகிதான். இகேதாவின் உலகம் அவருக்குப் புதிதல்ல.

எதில் ஆரம்பிப்பது, மங்காவிலா அனிமேவிலா? அனிமேவில். மங்கா சின்னது, ஒரே மாலையில் முடிந்துவிடும், முடிவும் தெரிந்துவிடும். அப்புறம் 39 எபிசோடுக்கு உட்காரப் பொறுமை இருக்காது. தவிர, அனிமே சில பெரிய விஷயங்களை மாற்றியிருக்கிறது, முக்கியமாகக் கடைசிப் பகுதியில். அனிமேவை முடித்த கையோடு மங்காவைப் படித்தால் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று யோசிப்பதே தனிச் சுகம். இரண்டுமே ஆங்கிலத்தில் முறையாக வந்திருக்கின்றன: அனிமே டிஸ்கோடெக் மீடியாவின் ப்ளூரேயாக, மங்கா செவன் சீஸ் வெளியிட்ட ஒரே தடிமனான தொகுப்பாக. ஜப்பானியக் குரலும் ஆங்கில சப்டைட்டிலுமாகவே பாருங்கள், ஏனென்றால் குரல்களுக்காகவே இதைப் பார்க்கலாம். ரெய்க்குக் குரல் கொடுத்த சுமி ஷிமாமோட்டோதான் மியாசாகியின் அனிமேப் படத்தின் நாயகி நௌசிகாவுக்கும் குரல். கவோருவுக்குப் பேசிய கெய்கோ தோடா, ஜப்பானியக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த, ரொட்டியையே தலையாகக் கொண்ட கார்ட்டூன் வீரன் அன்பான்மேனின் குரல். இது தெரிந்த பிறகு கவோரு யாரையாவது அதட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ரொட்டித் தலை ஞாபகம் வந்து தொலைக்கிறது, மன்னிக்கவும்.

கதை இதுதான். நானாகோ மிசோனோ செய்ரான் என்ற பெரிய இடத்துப் பெண்கள் பள்ளியில் உயர்நிலை முதல் ஆண்டு சேர்கிறாள். நம் கணக்கில் பத்தாம் வகுப்பு. பள்ளிக்குள் சொராரிட்டி என்று ஒரு மேல்தட்டுச் சங்கம். குடும்பம், பணம், அழகு, நடத்தை எல்லாம் பார்த்து ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள். எந்தத் தகுதியும் இல்லாத நானாகோ தேர்வாகிறாள். ஏன் என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, மற்ற பெண்களுக்கோ அது பொறுக்கவில்லை. நடப்பதையெல்லாம் தகெஹிகோ ஹென்மி என்பவருக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். டியூஷனில் அவளுக்குப் பாடம் எடுத்தவர் அவர். எனக்கு அண்ணனாக இருங்கள், கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்று அவளாகவே கேட்டு வாங்கிய உறவு. தொடரின் தலைப்பே அந்தக் கடிதத்தின் விளிதான்.

இங்கே முதல் வேலை: கடிதங்களைக் காதில் வாங்குங்கள். மேலே ஓடும் குரல்தானே என்று போனை எடுத்துவிடாதீர்கள். நானாகோ எழுதுவதும் நாம் திரையில் பார்த்ததும் ஒன்றாக இருக்காது. கேவலப்பட்ட நாளை ஒரு வரியில் தாண்டிவிடுவாள். ஒருத்தி தன்னைத் திரும்பிப் பார்த்ததை மட்டும் விரிவாக எழுதுவாள். எதை விட்டாள், எதை மெருகேற்றினாள் என்று கவனிக்க ஆரம்பித்துவிட்டால், 'இந்தப் பெண் ஏன் இப்படிச் சும்மா நிற்கிறாள்' என்ற எரிச்சல் பாதி குறையும். மீதிப் பாதி குறையாது. நடு எபிசோடுகளில் நானாகோவைப் பிடித்து உலுக்கலாம் போல இருக்கும், அது சகஜம்.

அடுத்தது ஆட்கள். பெயர்கள் குழப்பும், அதனால் மூன்று பட்டப்பெயர்களை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மியா-சாமா என்றால் ஃபுகிகோ இச்சினோமியா, சொராரிட்டியின் தலைவி, குரலை உயர்த்தாமலே ஆளைச் சாய்ப்பவள். கவோரு நோ கிமி என்றால் கவோரு ஒரிஹாரா, கூடைப்பந்து வீராங்கனை, உடம்பு சரியில்லாமல் ஒரு வருடம் போனவள், கூட்டத்தில் நிமிர்ந்து பேசும் ஒரே ஆள். செயின்ட்-ஜுஸ்த் என்றால் ரெய் அசாகா: தனியாக ஒரு அறையில் வசிக்கிறாள், பியானோ வாசிக்கிறாள், கவிதை சொல்கிறாள், சிகரெட்டும் மாத்திரையுமாகக் கரைகிறாள். நிஜ செயின்ட்-ஜுஸ்த் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரின் வலதுகை. 1794-இல் 26 வயதில் கில்லட்டினில் தலை போனவர். ஒரு பள்ளி மாணவிக்கு இந்தப் பெயரைச் சூட்டி, எல்லோரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு மகிழ்கிறார்கள் என்பதிலேயே இந்தப் பள்ளியின் லட்சணம் தெரிந்துவிடும். ரெய் கையில் போட்டிருக்கும் வளையைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். காரணம் சொல்ல மாட்டேன்.

மரிகோ ஷினோபுவை ஆரம்பத்தில் எல்லோருக்கும் பிடிக்காது. நானாகோவை ஒட்டிக்கொள்வாள், பொய் சொல்வாள், பழைய தோழி தொமோகோவைத் தள்ளிவிட்டு நடுவில் புகுவாள். அவளுடைய அப்பா ஆபாச நாவல்கள் எழுதிப் பேர் வாங்கிய எழுத்தாளர், அந்த அவமானம் அவளுக்கு ஆண்கள் மேலேயே வெறுப்பாகத் திரும்பியிருக்கிறது. என் பார்வையில் தொடரின் மிக நல்ல எழுத்து இவளுக்குத்தான் கிடைத்திருக்கிறது, ரெய்க்கு அல்ல. ரெய்யைப் பார்த்து எல்லோரும் உருகுவார்கள், உருகட்டும். மரிகோ முதல் ஏழெட்டு எபிசோடுகளில் எங்கே நிற்கிறாள், கடைசியில் எங்கே வந்து நிற்கிறாள் என்று அளந்து பாருங்கள்.

இனி இந்தத் தொடரைப் பிடிக்காமல் போக முக்கியக் காரணமான விஷயத்துக்கு வருவோம். ஒரு முகம் மெல்லத் திரும்பும். கேமரா அதன் மேல் சர்ரென்று ஒரு தரம் ஓடும். வெட்டி, அதே ஓட்டம் மறுபடி. மறுபடியும். மூன்றாவது தரம் முடியும் இடத்தில் அசைவே நின்று, அந்தச் சட்டகம் கோடுகளும் தீற்றல்களும் தெரிகிற பேஸ்டல் ஓவியமாக உறைந்துவிடும், ஜன்னல் பக்கமிருந்து வெளிச்சம் கண்ணைக் கூசும். நம் ஊர் மெகா சீரியலில் மாமியார் முகத்தை மூன்று தரம் காட்டுவார்களே, அதேதான் என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் சீரியலில் அது நேரத்தை இழுக்க. தெசாகி அதை ஓரிரு நொடியில் முடித்துவிடுவார், அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. யாருக்கோ மனதில் ஏதோ ஒன்று உடைகிற இடத்தில்தான். அந்த ஓவியம் அவளுக்கு நினைவில் தங்கப்போகிற படம். அவர் ஆரம்பத்தில் தொழில் பழகியது மங்கா மேதை ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்ஷன் ஸ்டுடியோவில், குறைந்த படங்களை வைத்துக்கொண்டு வாராவாரம் எபிசோடை முடித்துக் கொடுத்தாக வேண்டிய இடத்தில். அசையாத படத்தை அங்கே சிக்கனத்துக்காகப் பயன்படுத்தினார்கள். அவர் அதையே உணர்ச்சியைச் சொல்லும் கருவியாக்கிக்கொண்டார்.

அதனால் ஒரு சின்னப் பயிற்சி. முதல் ஐந்து எபிசோடுகளில் சட்டகம் ஓவியமாக உறையும்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்தி, இது யாருடைய நினைவு என்று கேட்டுப் பாருங்கள். பார்க்கப்படுகிறவளுடையதா, பார்க்கிறவளுடையதா? பெரும்பாலும் பார்க்கிறவளுடையது. ஃபுகிகோவின் முகம் உறைகிறது என்றால் அது நானாகோவின் பயம். ஐந்து எபிசோடுக்கு மேல் நிறுத்த வேண்டாம், கண் தானாகப் பழகிவிடும். அதே போல 1.5 மடங்கு வேகத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். மௌனங்கள் எல்லாம் அளந்து வைத்தவை, வேகத்தைக் கூட்டினால் மிஞ்சுவது அழுகை மட்டும்தான்.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் இந்த மிகை எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஜப்பானில் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பெண்களுக்கான மேல்நிலைப் பள்ளிகள் பெருகின. அங்கே மூத்த மாணவிக்கும் இளையவளுக்கும் இடையில் கடிதமும் பூவுமாக வளர்ந்த நெருக்கத்துக்கு 'எஸ்' என்றே பெயர் இருந்தது. நொபுகோ யோஷியா 1916-இலிருந்து எழுதிய கதைகள் அதற்கு ஒரு இலக்கிய மொழியைக் கொடுத்தன: கல்யாணத்துக்கு முந்தைய சில வருடங்கள் மட்டும் அனுமதிக்கப்பட்ட ஒரு காதல், அதனால் அதில் எல்லாமே கடைசித் தடவை மாதிரி. இன்னொரு பக்கம் 1914-இல் மேடையேறத் தொடங்கிய தகராசுகா நாடகக் குழு. எல்லா வேடத்திலும் பெண்கள், ஆண் வேடமேற்கும் நடிகைகளுக்குத்தான் ரசிகைகள் உயிரை விடுவார்கள். தகராசுகா வெர்சாய்ஸின் ரோஜாவை மேடையேற்றியதும் 1974-இல்தான், ஓனீசாமா எ வெளிவந்த அதே வருடம். உயரமான ரெய்யும் கவோருவும் நடந்து வரும்போது நடைபாதையில் பெண்கள் கிறீச்சிடுவது இகேதாவின் கற்பனை மட்டும் அல்ல, தியேட்டர் வாசலில் தினம் நடந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு பெரிய உணர்ச்சியா என்ற கேள்வியே மாறிவிடும். இந்தப் பெண்களுக்கு வேறு எங்கே அனுமதி?

அதே சமயம், இன்றைய யூரி (பெண்களுக்கிடையேயான காதல் கதை) தொடர் மாதிரி ஜோடி சேர்ந்து முடியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கதையில் ஆண்களும் உண்டு, கல்யாணம் என்ற பேச்சும் உண்டு, பெண்களின் காதலைப் பாதி உண்மையாகவும் பாதி ஒரு வயதுக் கோளாறாகவும் வைத்துக்கொண்டு ஊசலாடுகிறது. எனக்கு அந்த ஊசலாட்டம் கொஞ்சம் எரிச்சல்தான், சில இடங்களில் தப்பித்தல் போலவும் படுகிறது. ஆனால் படம் சொல்வது வேறு. வசனம் எங்கே பின்வாங்குகிறதோ அங்கேயெல்லாம் தெசாகியின் வெளிச்சம் துணிந்து போய்விடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மாத்திரைப் பழக்கம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, தற்கொலைப் பேச்சு, கொடூரமான கேலி, கடுமையான நோய் எல்லாம் வருகின்றன, சுற்றி வளைக்காமல் வருகின்றன. பூவும் ரிப்பனும் பார்த்துவிட்டு வீட்டுச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்துவிட வேண்டாம். பிரான்சில் இதைச் சிறுவர் நிகழ்ச்சியில் போட்டு, சில எபிசோடுகளிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மனம் சரியில்லாத வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், காத்திருந்தால் ஒன்றும் ஓடிப்போகாது.

வேகத்தைப் பொறுத்தவரை, மொத்தம் ஏறக்குறைய 16 மணி நேரம். நாளுக்கு இரண்டு எபிசோடு போதும். ஒரே ராத்திரியில் பத்து எபிசோடு போட்டால் எல்லா அழுகையும் ஒன்றாகக் கலந்து, எது பெரிது எது சின்னது என்ற அளவே போய்விடும். முதல் ஐந்தாறு எபிசோடில் சொராரிட்டித் தேர்வு ஓடும், இதுதான் கதை என்று நினைத்துக்கொள்வீர்கள், இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகப் பிரித்துக் காட்டத் தொடங்கும். பின்பாதியில் சங்கத்தையே கலைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிற இயக்கம் கிளம்பும்போது கதை தனி ஆட்களைத் தாண்டிப் பள்ளியின் அதிகாரத்தைப் பற்றியதாகிவிடும். அங்கே கொஞ்சம் தொய்வு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த எபிசோடின் முன்னோட்டத்தைத் தாண்டிவிடுங்கள். விக்கிப்பீடியா பக்கம் கண்டிப்பாக வேண்டாம், யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் போட்டு உடைத்துவிடுவார்கள், இந்தத் தொடரில் அதுதான் பாதிச் சரக்கு.

முடித்த பிறகு மங்கா. வலமிருந்து இடமாக, மெதுவாக. கட்டங்களே இல்லாமல் முகமும் பூவும் தலைமுடியும் பக்கம் முழுக்கப் பரவியிருக்கும் இடங்களில் தாண்டிப் போகாமல் நில்லுங்கள், தெசாகி உறைய வைத்த ஓவியங்களின் விதை அங்கேதான். ரெய்யின் கடைசி அத்தியாயத்தை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மங்கா ஒரு முடிவெடுக்கிறது, அனிமே அதை வேறு ஒன்றாக்குகிறது, எது சரி என்று நண்பர்களோடு சண்டை போட நல்ல விஷயம். நான் அனிமே பக்கம்.

அதுவும் தீர்ந்து, இன்னும் வேண்டும் என்றால், வெர்சாய்ஸின் ரோஜா அனிமேவை 19-ஆவது எபிசோடுக்கு முன்னும் பின்னும் கவனித்துப் பாருங்கள், கை மாறியது நன்றாகவே தெரியும். 1997-இன் உதேனா என்ற அனிமே தொடரை அதற்கு அப்புறம் வையுங்கள்.