டிவியை மானிட்டராக்கியதும் எழுத்து கலங்கியது

பழைய மானிட்டருக்குப் பதில் 43 அங்குல 4கே டிவியை வீட்டுக் கணினியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். வீடியோ எல்லாம் பளிச். எழுத்துதான் கலங்கல், கொஞ்சம் படித்தாலே கண் எரிந்தது.

விண்டோஸில் ரெசல்யூஷன் 3840 × 2160 என்று சரியாகவே இருந்தது. ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்கியதில் எழுத்து பெரிதானது, கலங்கல் போகவில்லை. எழுத்தைத் தெளிவாக்கும் விண்டோஸ் வசதியான கிளியர்டைப்பை ஓட்டிப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன். கேபிள் காசு தண்டம்.

துப்பு ஓர் எக்செல் தாளில் கிடைத்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து சுமார். கறுப்புக் கட்டத்தில் இருந்த சிவப்பு எண்கள் மட்டும் மை ஊறியதுபோல் பக்கவாட்டில் பரவியிருந்தன. அப்படியென்றால் கோளாறு நிறத்தில். படத்தின் நிறத் தகவலைச் சுருக்கும் 4:2:2, 4:2:0 முறைகளில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே நிறத் தகவலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சினிமாவில் அது கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய எழுத்தில் தெரிந்துவிடும்.

டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என மாற்றினேன். திரை ஒரு நொடி இருண்டு வந்தது. சிவப்பு எண்கள் கூராக நின்றன. வெறும் பெயர்தானே என்று விட்டுவிடாதீர்கள், சில டிவிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறத் தகவல் தரும் 4:4:4 முறை அதில்தான் திறக்கிறது. அப்புறம் ஷார்ப்னெஸைக் குறைத்ததும் எழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளை விளிம்பும் போனது.