தடைக்காலத்தில் நாடகம் போடுவது எப்படி?

சென்னை காசிமேட்டு மீனவர் பகுதியில் நாடகம் போட ஆசைப்பட்டால் கதையைத் தேடுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. என் நடிகர்களில் பாதிப் பேர் படகில் போகிறவர்கள். மற்ற மாதங்களில் ராஜபார்ட்டுக்குப் போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றுதான் வரும்.

ஒத்திகைக்கு மொட்டை மாடி போதும். மே மாதத்தில் ஆறு மணிக்கும் தரை சுடும், நாலு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு முன்பே நாடகம் போடப்போகிற மண்டபத்துக்குப் போய் மேடையைக் காலடியால் அளந்து, அதே அளவுக்கு மாடியில் கயிறு கட்டிவிடுங்கள். சாக்பீஸ் கோடு வேண்டாம், ஊற்றுகிற தண்ணீரில் போய்விடும்.

வசனத்தை அச்சடித்துக் கையில் கொடுக்காதீர்கள். சொல்லிக்கொடுங்கள். 1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபையில், அதாவது சிறுவர் நாடகக் கம்பெனியில், பிற்காலத்தில் நாடகத்தில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்துக் கம்பெனிகளில் வாத்தியார் சொல்லச் சொல்லப் பாடம் ஏறும். நானும் அப்படித்தான். 14 வயதில் ஒரு பழைய கம்பெனி நடிகரிடம் சேர்ந்து, முதல் இரண்டு வருஷம் திரை இழுத்தேன். இழுத்துக்கொண்டே எல்லார் வசனமும் மனப்பாடமாகிவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் குரல். ஒத்திகை நாட்களில் பாதியை இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். படகில் கத்திப் பழகியவர்களிடம் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ரகசியம் பேசச் சொன்னால்தான் திணறுவார்கள். எல்லாருக்கும் பொதுவான நோய் வேறு: வாக்கியத்தின் வாலை விழுங்குவது. நம் பேச்சில் விஷயமே வாலில்தான் இருக்கிறது. 'உன் அண்ணனை நான் கொல்லவில்லை' என்ற வசனத்தில் 'இல்லை' கேட்காவிட்டால் கதையே தலைகீழ். அதனால் வாலிலிருந்து பழக்குங்கள். முதலில் 'இல்லை'. பிறகு 'கொல்லவில்லை'. 'நான் கொல்லவில்லை'. கடைசியில் முழு வசனம். ஒருவரைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் நிற்க வையுங்கள். வால் கேட்காவிட்டால் கையைத் தூக்கட்டும், திரும்பவும் 'இல்லை'யிலிருந்து. பத்து நாளில் சலித்துப்போய் உங்களைத் திட்டுவார்கள். திட்டும்போது கடைசி வார்த்தை தெளிவாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

தெருவில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் அதோடு போட்டி போட வேண்டாம். எதிரில் நிற்பவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், லாரி போனதும் தொடருங்கள்.

லைட் விஷயத்தில் எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது, ஹாலஜன் இரண்டு போதும். ஆனால் கரண்ட் எத்தனை மணி வரை என்று மண்டபத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு மண்டபத்தில் ஒன்பது அடித்ததும் மெயினை அணைத்துவிட்டார்கள். மீதி நாடகத்தை ஜனங்களின் செல்போன் வெளிச்சத்தில் முடித்தோம்.

சரி, தேதி. ஜூன் முதல் வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஆட்கள் வலை சரிபார்க்கவும் படகுக்குப் பெயின்ட் அடிக்கவும் போய்விடுவார்கள். ஒரு வருஷம் நான் பிடிவாதமாக ஜூன் 13 வைத்தேன். ராஜா மேக்கப்புக்கு வந்து உட்கார்ந்தபோது முழங்கை வரை பெயின்ட். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நாடகம் முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடித்தார். என்ன கம்பீரம் என்று ஊரே பேசியது.